பத்துக்கு மூன்று

ஆகஸ்ட் 18, திங்கள்

வணக்கம் அண்ணாச்சி. இந்த நோட்டு கடைசியில் உங்கள் கைக்குத்தான் வரும் என்று எனக்குத் தெரியும். கிளினிக்குக்கு அனுப்பியதே நீங்கள்தானே. இசக்கியம்மாள் நன்றாக இருக்கிறேன். நம் ஜவுளிக்கடையில் முகூர்த்தப் பட்டு செக்ஷனிலிருந்து என்னை வேறு எங்கேயும் மாற்ற வேண்டாம். இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இனி விஷயம்.

முதுகு கொஞ்சம் பிடித்திருக்கிறது என்று போனால், அந்த பிசியோ டாக்டரம்மா நஸ்ரின், என் மகள் வயசு இருக்கும், முதுகைத் தொடவே இல்லை. "செருப்பக் கழத்திக் காட்டுங்கக்கா" என்றாள்.

"முதுகு மேல இருக்கு டாக்டரம்மா. நீங்க ரெண்டு மாடி கீழ எறங்கிட்டிய" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். குதிகாலில் உள்பக்கம் மட்டும் தேய்ந்து பிளேடு மாதிரி ஆகியிருந்தது. பிறகு என் காலை நனைத்து நியூஸ் பேப்பர் மேல் நிற்கச் சொன்னாள். மற்றவர்களுக்கு நடுவில் வளைந்து விழுமாம் தடம். எனக்கு அயர்ன் பாக்ஸ் வைத்த மாதிரி முழுசாக விழுந்தது. சப்பைப் பாதமாம். பாதம் உள்பக்கம் சரிகிறது, அதனால் முட்டி திரும்புகிறது, இடுப்பு சாய்கிறது, கடைசியில் முதுகு அத்தனையையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. சேலை அடுக்கில் அடிச் சேலை கோணினால் மேலே இருக்கிற முப்பதும் சாயும். அதைச் சரிசெய்ய மேலே இருந்து தட்டிக்கொண்டிருந்தால் விடிய விடியத் தட்ட வேண்டியதுதான்.

இந்த நோட்டு அவள் கொடுத்தது. "தெனமும் எழுதணும். பத்துக்கு எத்தன வலி, எத்தன மணி நேரம் நின்னிய, கால்ல என்ன போட்டிருந்திய."

"பத்துக்குப் பத்து எடுத்தா டிபன் பாக்ஸ் தருவியளா?"

அதற்கும் சிரிக்கவில்லை. பெரிய படிப்புப் படித்தால் சிரிப்பைப் பிடுங்கிக்கொண்டுதான் சர்டிபிகேட் கொடுப்பார்கள் போல.

நான் ஐந்தாம் கிளாஸ் வரைதான். கணக்கில் எப்போதும் பத்துக்கு மூன்று. பழகிய நம்பர்.

வலி: 3. நின்றது: பத்து மணி நேரம். காலில்: ஒன்றுமில்லை.

ஆட்டோவிலிருந்து இறங்கும்போது வீட்டுக்காரர் கை கொடுத்தார். அவர் ஆட்டோ டிரைவர், நான் பாசஞ்சர். அந்த மரியாதைக்குத்தான்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்சோல் வந்துவிட்டது. ஷூவுக்குள்ளே வைக்கிற அட்டை. பஞ்சு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். நடுவில் மேடு, அதுவும் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்த மாதிரி கட்டி. "இது வைத்தியமா, தண்டனையா?" என்று போனில் கேட்டேன். மெத்தென்று இருந்தால் பாதம் மறுபடியும் அமுங்கிவிடும், கட்டியாக இருந்தால்தான் தாங்கும் என்கிறாள் டாக்டரம்மா. முதலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டுமாம். சுவரில் கை வைத்துக் கெண்டைக்காலை நீட்டுகிற பயிற்சி வேறு.

ஆனால் இதை எங்கே போட? பட்டு மாடியில் யாருக்கும் செருப்புக் கிடையாது. படிக்கட்டிலேயே கழற்றிவிட வேண்டும், கல்யாணப் பெண்ணானாலும் கலெக்டரானாலும். அண்ணாச்சியின் அப்பா, பெரிய அண்ணாச்சி, போட்ட சட்டம். பட்டில் லட்சுமி உட்கார்ந்திருக்கிறாளாம். அவர் போட்டோ படிக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறது. கழற்றாமல் ஏறினால் முறைப்பார்.

வலி: 3. இன்சோல் பீரோவில்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

டாக்டரம்மா வேலையைப் பற்றி விவரமாக எழுதச் சொன்னாள். எழுதுகிறேன்.

பதினோரு வருஷம் கீழ்த்தளத்தில் நைட்டி, பூனம், உள்பாவாடை. தரை கிரானைட். காலில் செருப்பு உண்டு. மாடியில் நிற்கிற பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். அவர்களுக்கு மெத்தை. பலகை போட்டு, அதன் மேல் ஒரு சாண் உயர மெத்தை, வெள்ளைத் துணி. அதில் ஏறி நின்று பட்டை உதறி விரித்தால் மகாராணி மாதிரி இருக்கும். இந்த வைகாசியில்தான், மேலே ஒருத்தி நடுவில் வேலையை விட்டுப் போனதால், எனக்கு அந்த இடம் கிடைத்தது. முதுகு பிடித்தது ஆனியில். கொடுத்துவைத்தது அவ்வளவுதான். சொகுசு வருகிற நேரத்தில் உடம்பு மக்கர் பண்ணுகிறது.

என் வேலை சேலை விற்பது இல்லை. அதை யார் வேண்டுமானாலும் விற்பார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு அரக்கு பிடிக்கும், பெண் வீட்டுக்கு மாம்பழ மஞ்சள், பெண்ணுக்கு இரண்டும் பிடிக்காது. அந்த மூன்று பேரையும் சிரிக்க வைத்து ஒரே சேலையில் உட்கார வைப்பதுதான் என் வேலை. இன்று ஒரு மாமியார் நாற்பது சேலை பிரிக்கச் சொல்லிவிட்டு, "இதுல எது சாயம் போவாது?" என்று கேட்டார்.

"சேலைக்கு நான் கேரண்டி மதினி. மருமவளுக்கு நீங்கதான் கேரண்டி" என்றேன்.

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் சேலை முடிந்துவிட்டது.

ஒவ்வொரு சேலைக்கும் குனிந்து நிமிர வேண்டும். எத்தனை முறை என்று எண்ணவில்லை. எண்ணினால் வலிக்கும்.

வலி: 3.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

முகூர்த்தக் கூட்டம். ஒன்பது கல்யாண வீடு. எழுத நேரமில்லை. வலி: 2. குளிக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சுவர் விழுந்துவிடக் கூடாதே என்று.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. இன்று நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். படித்தவர்களுக்குத் தோன்றாதது.

என் பக்கத்தில் நிற்கிறவள் ரோஸ்லின், பாளையங்கோட்டைக்காரி. அவளுக்குக் குதிகால் வலி. டாக்டர் சொல்லி மெத்து மெத்தென்று நீலப் பட்டை வைத்த எம்.சி.ஆர். செருப்பு வாங்கி வைத்திருக்கிறாள், மாடி வாசலில் கழற்றிப் போடுவதற்கு. அவளிடம் சொன்னேன்: "ஏட்டி, ஒரு மெத்தைக்கு இம்புட்டு சொகம்னா ரெண்டு மெத்தைக்கு எம்புட்டு இருக்கும்?" ஸ்டோர் ரூமில் பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்று கிடந்தது. என் இடத்தில் மட்டும் வெள்ளைத் துணிக்கு அடியில் சொருகிவிட்டோம்.

ஆகா. முதல் இரண்டு மணி நேரம் மேகத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. ரோஸ்லினுக்குப் பொறாமை. "எக்கா, நீ என்னவிட ஒரு அடி ஒசந்துட்ட" என்றாள்.

வலி: 3. எழுத்துக் கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். படுத்துக்கொண்டு எழுதுகிறேன். உட்கார முடியாமல் இல்லை, படுத்தால் கையெழுத்து எப்படி வருகிறது என்று பார்க்கத்தான். சோறு வடித்தது வீட்டுக்காரர். குழைந்துவிட்டது. அதையும் மெத்தை என்று நினைத்துச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று அடுத்த கண்டுபிடிப்பு. ஷூ கூடாது என்றுதானே சட்டம்? சாக்ஸ் கூடாது என்று பெரிய அண்ணாச்சி சொல்லவில்லையே. வெள்ளை சாக்ஸ் வாங்கி, உள்ளே இன்சோலைச் சொருகி, மெத்தை மேல் ஏறினேன்.

பதினோரு மணிக்குச் சங்கரன்கோவில் பார்ட்டி. நான் ஒரு மயில் கழுத்து நிறத்தை உதறி விரிக்கிறேன், இடது காலில் இன்சோல் மட்டும் தனியாக வடக்கே போகிறது. நான் தெற்கே போனேன். விழுந்தது பட்டுக் குவியல் மேல். பெண்ணின் அம்மா ஐயோ என்று எழுந்துவிட்டார். படுத்த வாக்கிலேயே, "பாத்தியளா மதினி, கூரப்பட்டு எம்புட்டு கனம் தாங்குதுன்னு!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சேலையையே எடுத்தார்கள்.

ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. படியில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலம் கூப்பிட்டார். "இசக்கி, ஒனக்கு முடியலன்னா சொல்லு. கீழ ஆல்ட்ரேஷன் கவுண்டர்ல நாற்காலி இருக்கு. பேர எழுதுறது, துணிய வாங்கி வைக்கது. சம்பளத்துல குறை வராது."

"எனக்கென்ன அண்ணாச்சி, நல்லா இருக்கேன்."

"ஆயுத பூஜை அன்னைக்கு தீவாளி லிஸ்ட் வாசிப்பேன்லா. அதுக்குள்ள பாப்போம்."

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்படித்தான். சாமி கும்பிட்டு முடித்ததும் யார் யார் எந்த செக்ஷன் என்று லிஸ்ட் வாசிப்பார். அதில் போன இடத்தில்தான் அடுத்த வருஷம் வரைக்கும். பேரும் ஊரும் கேட்டு எழுதுகிற இடத்தில் நான் யாரைச் சிரிக்க வைக்க? பிளவுஸ் அளவு கொடுக்கிறவர்கள் ஏற்கனவே கோபத்தில் இருப்பார்கள்.

வலி: 2.

செப்டம்பர் 6, சனி

டாக்டரம்மா நோட்டை முழுக்கப் படித்தாள். படித்துக்கொண்டே வந்தவள் சுவரைப் பிடித்துக் குளித்த இடத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். பிறகு பேனாவை வைத்துவிட்டாள்.

"எக்கா, ரெண்டுன்னு போட்டிருக்கிய. கீழ செவத்தப் பிடிச்சுக் குளிச்சேங்கிய. எத நான் நம்ப?"

"நம்பர அண்ணாச்சிக்கு எழுதுனேன். மத்தது தானா வந்துட்டு."

"இத அண்ணாச்சிக்கு யாரு குடுக்கப்போறா? இது ஒங்க நோட்டு. எனக்கும் ஒங்களுக்கும் மட்டும்."

நோட்டை வாங்கி முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

அப்புறம் அவள் காலண்டரில் வைகாசியில் ஒரு கோடு, ஆனியில் ஒரு கோடு போட்டாள். "மெத்தைக்கு எப்ப போனிய? வலி எப்ப வந்துது?" பிறகு ஒரு தலையணையைத் தரையில் போட்டு, ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். பாதம் கிடந்து தவிக்கிறது, முட்டி ஆடுகிறது, முதுகு வெடுக்கென்று பிடிக்கிறது. தரையில் அதே காலில் நின்றேன். ஆட்டம் பாதியாகக் குறைந்தது.

"திருச்செந்தூர் மணல்ல ஒரு மணி நேரம் நடந்தா கால் எப்படி இருக்கும்?"

"கழண்டு போவும்."

"நீங்க பத்து மணி நேரம் மணல்ல நிக்கிய. அதுல இன்னொரு மெத்த வேற."

பதினோரு வருஷம் நான் வயிறெரிந்தது எதைப் பார்த்து என்று நினைத்தால் சிரிப்புத்தான் வந்தது. கல் தரைதான் என்னைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. சரி, அதற்காகக் கல்லும் முழு வைத்தியம் இல்லையாம். கட்டியான தரை, காலில் ஷூ, உள்ளே அந்தச் சிரட்டை. மூன்றும் சேர வேண்டுமாம். எல்லோருக்கும் இதேதான் என்றும் இல்லையாம். ரோஸ்லின் குதிகாலுக்கு மெத்தென்ற செருப்பு சரியாக இருக்கலாம். என் பாதத்துக்கு இது.

வலி: 7. போன வாரம் 8. சுவர் அன்றைக்கு 9. எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வெள்ளைத் துணி ஷூ ஒன்று வாங்கி, இன்சோலை வைத்து, வீட்டுக்குள்ளே போட்டுக்கொண்டு சமைக்கிறேன். தெருவில் இதுவரை ஒரு அடி வைக்கவில்லை.

வீட்டுக்காரர் சொரிமுத்து அடுக்களை வாசலில் நின்று சல்யூட் அடித்தார். "ஏ வாட்ச்மேன், கேட்டத் தெறக்கலாமா?"

"ஐடி கார்டு இல்லாதவியளுக்குச் சோறு கெடையாது" என்றேன்.

சிரித்துவிட்டுப் போனவர், நான் அம்மியில் குனியும்போது திரும்பி வந்து பார்த்தார். கையைச் சுவரில் வைக்காமல் நிமிர்ந்தேன். அவர் ஆட்டோவைத் துடைக்கப் போனார். அது காலையிலேயே துடைத்த ஆட்டோ.

வலி: 6.

செப்டம்பர் 18, வியாழன்

புரட்டாசி பிறந்துவிட்டது. கல்யாணம் இல்லை, மாடியில் கூட்டமில்லை. ஸ்டாக் எடுக்க நான்கு நாளாகக் கீழ்த்தளத்தில் போட்டிருக்கிறார்கள். கிரானைட், ஷூ, இன்சோல்.

வலி: திங்கள் 6, செவ்வாய் 5, நேற்று 5, இன்று 4.

முன்பு வலி கூடக்கூட நம்பரைக் குறைத்தேன். இப்போது குறைகிறதைக் குறைகிறதாகவே எழுதுகிறேன். சுகமாக இருக்கிறது, பொய் சொல்லாமல் இருப்பது. கணக்கும் குழம்புவதில்லை.

ஆனால் பூனம் சேலைகளை எண்ணும்போதெல்லாம் கண் மேலே படிக்கட்டுக்குப் போகிறது. உடம்பு கீழே நன்றாக இருக்கிறது. நான்தான் நன்றாக இல்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

இன்று ஒன்றைப் பார்த்தேன். அண்ணாச்சி மாடி ஏறினார். வலது காலை வைக்கிறார், இடது காலைப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்க்கிறார். மறுபடியும் வலது. குழந்தைகள் ஏறுவார்களே, அப்படி. நடுப்படியில் நின்று அப்பா போட்டோவைப் பார்க்கிற மாதிரி மூச்சு வாங்கினார். பதினோரு வருஷமாக இதை நான் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் போனதும் படி கீழே கிடந்த செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். வெளிப்பக்கம் ஒரே சாய்வாகத் தேய்ந்திருக்கிறது. என்னுடையதற்கு நேர் எதிர். டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன். "ஆளப் பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது. மொதல்ல அடுத்தவங்க செருப்பத் தூக்கிப் பாக்கத நிறுத்துங்க" என்றாள்.

எப்படி நிறுத்த? ஊர் முழுக்க முதுகும் முட்டியும் செருப்பில் எழுதி வைத்துவிட்டு நடக்கிறார்கள்.

வலி: 4.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. இன்னொரு ஜோடி இன்சோல் வாங்கினேன். கவர் பிரிக்கவில்லை. வீட்டுக்காரர் "எதுக்கு ரெண்டாவது?" என்றார். "சாமிக்கு" என்றேன். அவர் சாமி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சீட்டுக் கிழிஞ்சா என் ஆட்டோல டிக்கெட் கிழிக்க வந்துரு" என்றார். ஆட்டோவில் ஏது டிக்கெட்? பயந்தால் இப்படித்தான் பேசுவார்.

அக்டோபர் 1, புதன்

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

கடைக்கு நடுவில் வாழையிலை விரித்து, அவரவர் தொழில் சாமான்களை வைத்தோம். மீட்டர் ஸ்கேல், கத்தரிக்கோல், டேப், பில் மிஷின். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நான் புது இன்சோல் இரண்டையும் பிரித்து, சந்தனம் தொட்டு, மீட்டர் ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ரோஸ்லின் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "எக்கா, மாதாவே, எடுத்துரு. அண்ணாச்சி வாராவ."

அண்ணாச்சி சூடத் தட்டோடு வந்தார். இலையைப் பார்த்தார்.

"இது என்னது?"

"என் கருவி அண்ணாச்சி."

"கால்ல போடுததா?"

"இன்னும் போடல. போட்டத வைப்பேனா? கத்தரிக்கோல் வெட்டுது, ஸ்கேல் அளக்குது. நான் நின்னு விக்கேன். நிக்கதுக்கு இதுதான் கருவி."

நான் சிரித்துக்கொண்டே சொன்னதாகத்தான் நினைக்கிறேன்.

அவர் எடுக்கச் சொல்லவில்லை. வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. சூடம் காட்டினார். தட்டு ஸ்கேலைச் சுற்றியது, கத்தரிக்கோலைச் சுற்றியது. என் இன்சோல் மேல் வந்ததும் ஒரு நொடி நின்றது. பிறகு அதையும் சுற்றிவிட்டுப் போனது.

லிஸ்ட் வாசித்தார். முகூர்த்தப் பட்டில் ரோஸ்லின் பேர் வந்தது. என் பேர் வரவில்லை. ஆல்ட்ரேஷனிலும் வரவில்லை. கடைசியில் பேப்பரை மடித்துக்கொண்டே, "இசக்கி, மத்தியானம் வந்து பாரு" என்றார்.

போனேன். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"எங்கப்பா கடைசி நாலு வருசம் மாடிக்கே ஏறல, தெரியுமா? முட்டி. இந்த நாற்காலியிலயே உக்காந்து, மேல பட்டு உதறுத சத்தம் வருதான்னு காதக் குடுத்துக் கேட்டுக்கிட்டே இருப்பாவ. போட்டோவுல நல்லா நிக்காவ. அது அதுக்கு முந்தி எடுத்தது."

நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டே தொடர்ந்தார்.

"நான் இப்ப ஒரு நாளைக்கு ஒரு தடவதான் ஏறுதேன். போன வருசம் அஞ்சு." மேசைக்கு அடியிலிருந்து காலை வெளியே நீட்டினார். "சொல்லு. என்ன செய்யணும்ங்குத?"

சொன்னேன். மெத்தையில் சேலை எடுக்க வந்தவர்கள் உட்காரட்டும். எங்களுக்குத் தரை, இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை, குனிய வேண்டாம். வெள்ளைத் துணி ஷூ, தெருவை மிதிக்காதது, மாடியிலேயே ரேக்கில் இருக்கும். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை துவைப்போம்.

நீட்டிய காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "தெரு அழுக்கு ஏறக் கூடாது. அதான்?"

"அதான் அண்ணாச்சி."

"லட்சுமிக்கு ஒண்ணும் கோவம் வராதே?"

"நான் கால் ஒடிஞ்சு நாற்காலில உக்காந்தா, அவள யாரு விரிச்சுக் காட்டுவா?"

அப்போதுதான் சிரித்தார். கூரைப்பட்டு மேல் நான் விழுந்ததற்குச் சேர்த்துச் சிரித்தார் என்று நினைக்கிறேன். லிஸ்ட்டைப் பிரித்து ரோஸ்லின் பேருக்கு மேலே என் பேரை எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமலே கேட்டார்: "அந்த டாக்டரம்மா நம்பர் வச்சிருக்கியா? எனக்கு ஒம்பதாம் நம்பர் கால்."

"இத அப்படியே போட்டுறக் கூடாது அண்ணாச்சி. ஒங்க கால் வேற. மொதல்ல காலக் காட்டணும்" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.

வலி: பார்க்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஐப்பசிக் கல்யாணங்களுக்கு ஆள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நின்றது: எட்டு மணி நேரம், நடுநடுவே உட்கார்ந்தேன். காலில்: வெள்ளை ஷூ, சிரட்டை. பழகிவிட்டது. இப்போது அது இல்லாமல் நின்றால்தான் ஏதோ குறைகிறது.

தென்காசி மாப்பிள்ளை வீட்டுப் பாட்டையா ஒருவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, இங்க செருப்புக் கூடாதுன்னு போர்டு போட்டுருக்கு. ஒனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"இது செருப்பு இல்ல பாட்டையா, கருவி. பூஜை எல்லாம் ஆயிட்டு" என்றேன். பின்னால் படியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அண்ணாச்சி. வலது கால், இடது கால், சேர்க்கிறார். வலது கால், இடது கால். டாக்டரம்மா பயிற்சி கொடுத்திருக்கிறாள், உடனே மாறிவிடாதாம். ஆனால் இன்று இது மூன்றாவது முறை. நடுப்படியில் நின்று அப்பா போட்டோவைப் பார்த்தார். இந்தமுறை மூச்சு வாங்கவில்லை, பார்க்க மட்டும் செய்தார்.

வீட்டுக்கு வந்து ஆட்டோவிலிருந்து நானே இறங்கினேன். வீட்டுக்காரர் பழக்கத்தில் நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் மீட்டரைத் துடைத்தார். பாவமாக இருந்தது. பிடித்துக்கொண்டேன்.

வலி: 3.

டாக்டரம்மா, முதல் பக்கத்திலும் மூன்று என்றுதான் இருக்கும். அது பள்ளிக்கூடத்து மூன்று. இது நிஜம்.